நல்லவர் போனார், வழக்கம் ஏன் போக வேண்டும்?



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஹெப்பகோடியில் நம் சங்கத்தார் வழக்கமாகக் கூடும் வீட்டு வாசலில் சந்தா நோட்டை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தேன். தையல் ஆலை ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஒரு சகோதரி வந்தார். தருமபுரிப் பக்கத்துக்காரர். எப்போதும் சிரித்த முகம். அன்று வாடியிருந்தது.

“அண்ணா, வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். ராஜினாமா லெட்டர் ஒண்ணு எழுதிக் குடுங்க” என்றார்.

“சம்பளம் ஒழுங்கா வரலையாம்மா?”

“வருதுண்ணா.”

“பி.எஃப். கட்டறாங்களா?”

“கட்டறாங்க. மெசேஜ் வருது.”

“பின்னே என்ன?”

சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்: “பழைய சார் போயிட்டாருண்ணா.”

அந்தப் பழைய மேனேஜர் எட்டு ஆண்டுகள் அந்த ஆலையில் இருந்தாராம். யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால், வீட்டுக்கு அனுப்பாவிட்டாலும் அரை மணி நேரம் உட்கார வைப்பாராம். ஒவ்வொரு லைன் முடிவிலும் குடிதண்ணீர் கேன் இருக்குமாம். மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் பாட்டு ஓடுமாம், ஒரு நாள் தமிழ், ஒரு நாள் கன்னடம், ஒரு நாள் இந்தி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முதல்நாள் ஒரு மணி நேரம் முன்னதாக விடுவாராம், ஓசூர் ரோட்டில் நெரிசல் ஆரம்பிப்பதற்குள் ஊர்ப் பஸ்ஸைப் பிடிக்கட்டும் என்று. டார்கெட் குறைந்தால் முதலில் ‘மெஷினில் என்ன கோளாறு?’ என்றுதான் கேட்பாராம். “வேலைக்குப் போறோம்ங்கிற நெனப்பே இருக்காதுண்ணா, தங்கச்சி வீட்டுக்குப் போற மாதிரி இருக்கும்” என்றார் அந்தச் சகோதரி.

புதியவர் வந்து ஐந்து மாதம் ஆகிறது. தண்ணீர் கேன் ஒரே மூலைக்குப் போய்விட்டது. பாட்டு நின்றுவிட்டது. கழிப்பறைக்குப் போனால் நோட்டில் நேரம் எழுத வேண்டும். டார்கெட் குறைந்த லைனின் எண்ணை மைக்கில் கூப்பிடுகிறார்கள். இந்த ஆண்டுப் பண்டிகைக்கு முதல்நாள் வழக்கமான நேரத்துக்கு மேல் அரை மணி நேரம் சேர்த்து நிறுத்திவிட்டுத்தான் விட்டார்களாம். ‘முன்னே எல்லாம் சீக்கிரம் விடுவாங்களே சார்’ என்று இரண்டு பேர் கேட்டதற்கு, ‘எங்கே எழுதியிருக்கு, காட்டு’ என்றாராம் புதியவர்.

தோழர்களே! இந்த ‘எங்கே எழுதியிருக்கு?’ என்ற கேள்வியைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதப் போகிறேன். ஏனென்றால் இது ஒரு சகோதரியின் கதை மட்டுமல்ல. பொம்மசந்திரத்திலிருந்து அத்திப்பள்ளி வரை நம்மவர்கள் வேலை செய்யும் எத்தனையோ இடங்களில் இதே கதைதான் நடக்கிறது. நம்மவர்கள் இதற்குச் சொல்லும் பதில் இரண்டே இரண்டு. ‘நம் தலையெழுத்து’ என்று சொல்லிவிட்டு ராஜினாமா எழுதுகிறார்கள். அல்லது, ‘பழைய சாரையே திரும்ப அனுப்புங்கள்’ என்று கம்பெனிக்கு மனுப் போடுகிறார்கள். இரண்டும் தவறு என்பது என் வாதம். இரண்டாவது, முதலாவதைவிடப் பெரிய தவறு.

கணக்கில் இல்லாததே முதலில் போகும்

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். புதிதாக வரும் தலைமை ஏன் தண்ணீர் கேனில் கைவைக்கிறது? பாட்டில் என்ன நஷ்டம்? அரை மணி நேரம் உட்கார்ந்த பெண்ணால் கம்பெனி மூழ்கிவிடுமா?

விஷயம் எளிது. புதியவரை மேலே இருப்பவர்கள் சும்மா அனுப்பவில்லை. ‘ஆறு மாதத்தில் கணக்கைக் காட்டு’ என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். அவர் சம்பளத்தை வெட்ட முடியாது, அது காகிதத்தில் இருக்கிறது. பி.எஃப். பணத்தை நிறுத்த முடியாது, அதற்கு அலுவலகம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. அப்படியானால் எதை வெட்டுவார்? எந்தக் காகிதத்திலும் இல்லாததை வெட்டுவார். ஓய்வு, தண்ணீர், மரியாதை, பண்டிகைக்கு முந்தைய நாள் ஒரு மணி நேரம், இவையெல்லாம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை. ஆகவே வெட்டினாலும் எந்தக் கணக்கிலும் குறையாகத் தெரியாது. மிச்சம் மட்டும் உற்பத்தியில் தெரியும்.

ஆக, புதியவர் பிறவியிலேயே கெட்டவர் என்று நினைப்பதில் பயனில்லை. பழையவர் பிறவியிலேயே நல்லவராக இருந்திருக்கலாம், அவரை நான் குறை சொல்லவில்லை. மனிதனை மனிதனாக நடத்தும் அதிகாரி கிடைப்பது பெரிய காரியம். ஆனால் அவர் கொடுத்தது எல்லாம் அவருடைய வாயிலிருந்து வந்தது. வாய் மாறினால் வார்த்தை மாறும்.

நான் செய்த தவறு

அந்தச் சகோதரிக்கு உபதேசம் செய்ய எனக்கு உரிமை உண்டா என்று யோசித்தேன். ஏனென்றால் இதே தவறை நானும் செய்தவன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒன்பது பேர் இருந்தோம். தமிழர், கன்னடர், தெலுங்கர், ஒரு மலையாளி, ஒரு முஸ்லிம் தோழர். எங்களுக்கு மேலே இருந்தவர் ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு பெரியவர். பொங்கலுக்குக் கன்னடத் தோழர் என் டூட்டியைப் பார்ப்பார். உகாதிக்கு அவர் டூட்டியை நான் பார்ப்பேன். ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் தோழருக்குக் காலை ஷிப்ட். ஒரு தோழரின் தாயாருக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். அந்த இரண்டு நாளும் யாராவது ஒருவர் அவருக்காக நிற்போம். பெரியவர் ரோஸ்டரில் பென்சிலால் ஒரு டிக் போடுவார், அவ்வளவுதான். அந்த ஆறு ஆண்டுகள் வேலை வேலையாகவே தெரியவில்லை.

நான் அப்போதும் சங்கக்காரன்தான். மாதக் கூட்டம் கூட்ட வேண்டியவன். ஆனால் கூட்டம் போடுவதை நிறுத்திவிட்டேன். ‘பெரியவரிடம் கேட்டால் நடக்கிறது, கூட்டம் எதற்கு?’ என்று தோழர்கள் சொன்னார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. சந்தா வசூல்கூட ஏனோதானோவென்று ஆகிவிட்டது.

பெரியவர் ஓய்வு பெற்றார். மாலை போட்டோம், போட்டோ எடுத்துக்கொண்டோம். அடுத்து வந்தவர் இரண்டாவது வாரமே பென்சில் டிக்கை நிறுத்தினார். ‘பரஸ்பரம் டூட்டி மாற்றிக்கொள்ள எங்கே எழுதியிருக்கிறது?’ என்று கேட்டார். எங்களிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. தாயாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டிய தோழர் விடுப்பு தீர்ந்து, சம்பளமில்லா விடுப்பில் போனார். ஒன்பது பேரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட ஆரம்பித்தோம். யாருக்குப் பண்டிகை டூட்டி விழுகிறது என்று சாதிக் கணக்கும் மொழிக் கணக்கும் போட ஆரம்பித்தோம். அதுவரை எங்களுக்குள் அந்தக் கணக்கே இல்லை.

பிறகு மறுபடி கூட்டம் போட்டு, மனு எழுதி, சங்கத்தின் மூலம் மேலே பேசி, டூட்டி மாற்றத்துக்கென்று கையெழுத்து நோட்டு ஒன்றைக் கொண்டுவருவதற்குப் பதினான்கு மாதம் ஆனது. அந்த நோட்டு வந்தபோது அந்தத் தோழரின் தாயார் உயிரோடு இல்லை. பெரியவர் இருந்த காலத்தில் ஒரு மாலை நேரத்தில், அவரே சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருக்கக்கூடிய நோட்டு அது. நான் கேட்கவில்லை. அந்தக் குற்றம் புதிய அதிகாரியுடையது அல்ல, என்னுடையது.

நாடறிந்த ஒரு கதை

என் கதை சிறியது. நாடறிந்த பெரிய கதை ஒன்றைப் பாருங்கள்.

1981-ல் மத்திய அரசு மாருதி உத்யோக் நிறுவனத்தைத் தொடங்கியபோது அதை நடத்த வந்தவர் வி. கிருஷ்ணமூர்த்தி. தஞ்சைத் தரணியில் பிறந்த தமிழர். அதற்கு முன் பெல் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். பின்னால் செயில் நிறுவனத்தையும் நடத்தியவர். 2022-ல் காலமானார். ஜப்பானின் சுசுகியோடு 1982-ல் ஒப்பந்தம் போட்டு, 1983 டிசம்பரில் முதல் காரை குர்காவ்ன் ஆலையிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். அந்த ஆலையில் அன்றைக்கு நாடே வியந்த விஷயம் கார் மட்டுமல்ல. மேலதிகாரியும் தொழிலாளியும் ஒரே சீருடை. எல்லாருக்கும் ஒரே உணவுக்கூடம், ஒரே வரிசை. அதிகாரிகளுக்குத் தனி அறைக் கதவு கிடையாது, திறந்த கூடத்தில் உட்கார்ந்து வேலை. உற்பத்தி உயர்ந்தால் அதில் தொழிலாளிக்கும் ஊக்கத்தொகை. அரசு அலுவலகம் என்றால் தனி அறை, தனி கேன்டீன், தனிக் கழிப்பறை என்று இருந்த நாட்டில் இது சின்ன மாற்றமல்ல. அங்கே வேலை கிடைத்தவன் ஊரில் மார்தட்டிச் சொன்னான்.

பிறகு என்ன நடந்தது? கிருஷ்ணமூர்த்தி போனார். 1990களில் வேறு கார் கம்பெனிகள் வந்தன, போட்டி வந்தது. சுசுகியின் பங்கு ஏறியது. 1997-ல் நிர்வாக இயக்குநர் யார் என்பதிலேயே அரசுக்கும் சுசுகிக்கும் பெரும் சண்டை நடந்தது. மேலே சண்டையும் போட்டியும், கீழே வேகம். 2000-ல் ஊக்கத்தொகையைப் பற்றிய தகராறு முற்றியது. ‘நன்னடத்தை உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே வரலாம்’ என்று அந்த அக்டோபரில் வாசலில் சொன்னார்கள். மூன்று மாதம் தொழிலாளர்கள் வெளியே கிடந்தார்கள். 2001 ஜனவரியில் உள்ளே போனபோது சங்கம் உடைந்திருந்தது. அதன்பின் விருப்ப ஓய்வுத் திட்டம் என்ற பெயரில் பழைய ஆட்கள் வெளியேறினார்கள். 2002-ல் நிறுவனத்தின் கட்டுப்பாடு சுசுகியின் கைக்குப் போயிற்று.

அதே கம்பெனி மானேசரில் தொடங்கிய புதிய ஆலையில் 2011-ல் தொழிலாளர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் கேட்டு மூன்று முறை போராடினார்கள். அங்கேயும் நன்னடத்தைப் பத்திரம் வந்தது. தேநீருக்கு ஏழரை நிமிடம்தான், அதற்குள் கழிப்பறைக்கும் போய்வர வேண்டும் என்று அந்த இளைஞர்கள் பத்திரிகைகளிடம் சொன்னார்கள். 2012 ஜூலை 18-ல் ஆலைக்குள் கலவரம் வெடித்தது. தீயில் மனிதவள அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். 546 நிரந்தரத் தொழிலாளர்கள் வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். சுமார் 150 பேர் சிறைக்குப் போனார்கள். 2017 மார்ச்சில் நீதிமன்றம் 117 பேரைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது, 13 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. விடுவிக்கப்பட்டவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டுத்தான் வந்தார்கள். ஒரு குடும்பம் தன் மனிதனை இழந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழ்வை இழந்தன. இதில் வெற்றி பெற்றவர் யாரும் இல்லை.

கவனியுங்கள் தோழர்களே! ஒரே சீருடை கடைசி வரை இருந்தது. ஒரே உணவுக்கூடமும் இருந்தது. முதல் தலைவர் கொண்டுவந்த சட்டை போகவில்லை. சட்டைக்குள் இருந்த மரியாதைதான் போயிற்று. ஏன்? சமத்துவத்தை மேலிருந்து கொடுத்தார்கள். அதைக் காப்பாற்ற வேண்டிய காலத்தில் கீழே வலுவான சங்கம் இல்லை. இருந்த சங்கத்தையும் உடைத்தாகிவிட்டது. தலைமை ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை, சந்தையும் ஒரு காரணம்தான். ஆனால் சந்தை மாறுகிற காலத்தில்தானே தொழிலாளிக்குப் பிடிமானம் வேண்டும்?

அமைச்சர் போனார், மெத்தை இருக்கிறது

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணமும் சொல்கிறேன். எங்கள் ரயில்வேயிலிருந்தே சொல்கிறேன்.

1974 மே 8-ல் தொடங்கி 27-ல் முடிந்த அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் கைது, வேலை நீக்கம். குடியிருப்பிலிருந்து குடும்பங்களைச் சாமான்களோடு வெளியேற்றினார்கள். 1977-ல் ஆட்சி மாறியது. மது தண்டவதே ரயில்வே அமைச்சரானார். வேலை நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நல்ல தலைமை வந்தால் நல்லது நடக்கும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளும், நெருக்கடி நிலைக் காலத்திலும்கூட, ‘எங்கள் ஆட்களைத் திரும்ப எடு’ என்ற கோரிக்கையைச் சங்கங்கள் கைவிடவில்லை. நல்லவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது அவர் முன்னால் வைக்கக் கோரிக்கை தயாராக இருந்தது.

அதே தண்டவதேதான் இரண்டாம் வகுப்புப் பெட்டிகளின் வெறும் மரப்பலகைப் படுக்கைக்கு மெத்தை போட வைத்தவர். அவர் 1979-ல் பதவியைவிட்டுப் போய்விட்டார். அதன்பின் எத்தனையோ அமைச்சர்கள் வந்து போனார்கள். யாராவது அந்த மெத்தையைப் பிடுங்கினார்களா? இல்லை. இன்றைக்கு ஊருக்குப் போகும்போது ஸ்லீப்பர் பெட்டியில் நம் பிள்ளைகள் அதில்தான் தூங்குகிறார்கள். காரணம், அந்த நல்லெண்ணம் ஒரு மனிதரின் வாய்ச்சொல்லாக நிற்கவில்லை, பெட்டி கட்டும் முறையிலேயே சேர்ந்துவிட்டது.

நல்லவரின் நல்லதை இப்படித்தான் பூட்டி வைக்க வேண்டும். அவர் இருக்கும்போதே பூட்ட வேண்டும்.

நம்மவர்களுக்கு மட்டும் ஏன் இந்த மயக்கம்?

ஊரில் இருப்பவனுக்கு மேனேஜர் வெறும் மேனேஜர்தான். பிரச்சினை என்றால் பங்காளி இருக்கிறான், பஞ்சாயத்துத் தலைவர் இருக்கிறார், தெரிந்த கட்சிக்காரர் இருக்கிறார். ஊரைவிட்டு வந்த நமக்கு இங்கே யார்? மொழி அரைகுறை. வாடகை வீடு. ரேஷன் கார்டு ஊரில், ஓட்டு ஊரில், பிள்ளைகளின் படிப்பு இங்கே. இந்த நிலையில் ஒரு அதிகாரி முகம் கொடுத்துப் பேசினால் அவரே நமக்கு ஊராகிவிடுகிறார். அவருக்கு வீட்டிலிருந்து எள்ளுருண்டை கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பிள்ளையின் காதுகுத்துக்குக் கூப்பிடுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் உரிமையைக் கேட்டால் அவர் மனம் புண்படுமோ என்று நினைக்கிறோம் பாருங்கள், தவறு அங்கேதான் இருக்கிறது. அன்பு வேறு, ஒப்பந்தம் வேறு. நல்ல அதிகாரி ஒப்பந்தத்துக்கு அஞ்ச மாட்டார். அஞ்சுகிறார் என்றால் அவரது நல்லதனத்தின் அளவு அப்போதே தெரிந்துவிடும்.

கோலார் தங்கவயலிலிருந்து வந்த குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அவர்களைக் கேளுங்கள். வெள்ளைக்காரக் கம்பெனி போய் 1956-ல் மைசூர் அரசு வந்தது. 1962-ல் மத்திய அரசு வந்தது. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர் வந்தது. ஒவ்வொரு முறையும் ‘இனி நம்மவர் ஆட்சி’ என்று நம்பியவர்கள் உண்டு. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தையே மூடினார்கள். மேலே பலகை மாறுவதைப் பார்த்து நம்பிக்கை வைத்தவன் கதி என்ன என்பதற்கு நாம் வடக்கே போக வேண்டியதில்லை.

வழக்கத்துக்கும் சட்டம் உண்டு

இப்போது அந்த ‘எங்கே எழுதியிருக்கு?’ என்ற கேள்விக்கு வருகிறேன். பதில் இருக்கிறது தோழர்களே, எழுதித்தான் இருக்கிறது!

1947-ம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. வேலை நிபந்தனைகள் சிலவற்றை மாற்ற வேண்டுமானால் முதலாளி 21 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் சம்பளம், வேலை நேரம், ஓய்வு இடைவேளை, ஷிப்ட் இவற்றோடு இன்னொன்றும் உண்டு. வழக்கமாக இருந்துவரும் சலுகையை நிறுத்துவதும், நடைமுறையை மாற்றுவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. புதிய ஒழுங்கு விதிகளைப் புகுத்துவதும் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றில் நமக்குப் பாதகமானவை பல உண்டு. நிலையாணைகள் 300 பேருக்குக் குறையாத ஆலைகளுக்குத்தான் என்று வரம்பை உயர்த்தியது அதில் ஒன்று. சிறிய ஆலையில் மேனேஜரின் வாயே சட்டம் என்று ஆவதற்கு அது வழி செய்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆனால் இந்த 21 நாள் விதியும், வழக்கமான சலுகை என்ற வாசகமும் புதிய தொகுப்பிலும் நிற்கின்றன.

ரயில்வேக்காரனான எனக்கு இந்தப் பிரிவு பொருந்தாது, எங்களுக்குத் தனி விதிகள். ஆனால் தனியார் ஆலையில் வேலை செய்யும் நம் சகோதரிக்குப் பொருந்தும். எட்டு ஆண்டுகளாக நடந்துவந்த ஒன்றை வெறும் ‘சாரோட தயவு’ என்று நாமே சொல்லிக்கொண்டு திரிந்தால் அது தயவாகத்தான் இருக்கும். ‘இது இந்த ஆலையின் வழக்கம்’ என்று சொல்லப் பழக வேண்டும். வார்த்தையை மாற்றினால் வழக்கின் நிலைமையே மாறும்.

இந்தச் சட்டம் மந்திரக்கோல் என்று நான் சொல்லவில்லை. முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு மாற்றவும் முயலலாம். ஆனால் முன்னறிவிப்பு வந்தால் அந்த 21 நாளில் பேசலாம், எதிர்க்கலாம், தொழிலாளர் துறையிடம் தகராறு எழுப்பலாம். மைக்கில் கூப்பிட்டு அவமானப்படுத்துவதைவிட அது மேலான இடம்.

இன்னொன்று. 20 பேருக்குக் குறையாத ஒவ்வோர் ஆலையிலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் நிர்வாகத்தார் எத்தனை பேரோ அத்தனை பேர் தொழிலாளர். பெண்கள் வேலை செய்யும் விகிதத்துக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். பாலியல் தொல்லை பற்றிய புகாருக்கு 2013-ம் ஆண்டுச் சட்டப்படி தனிக் குழு வேண்டும். ‘உங்கள் ஆலையில் குழுவில் யார் யார்?’ என்று அந்தச் சகோதரியைக் கேட்டேன். “அப்படி ஒண்ணு இருக்கிறதா நோட்டீஸ் போர்டுல பேர் ஒட்டியிருக்குண்ணா. எங்க லைன்ல ஒருத்தி பேரு இருக்கு. அவளுக்கே தெரியாது” என்றார். பழைய சார் காலத்திலும் அப்படித்தானா என்று கேட்டேன். “அப்ப யாரும் அதைப் பாக்கவே இல்லண்ணா” என்றார்.

பார்த்தீர்களா? நல்ல காலம் நம்மைத் தூங்க வைத்துவிட்டது.

2016-ஐ மறந்துவிட்டோமா?

‘நாமெல்லாம் கூலிக்காரர்கள், பேசினால் கேட்டைக் காட்டுவார்கள்’ என்று சிலர் சொல்கிறார்கள். இதே ஹெப்பகோடியில் நின்றுகொண்டா இப்படிச் சொல்வது?

2016 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தது. பி.எஃப். பணத்தில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்றது. தையல் ஆலைப் பெண்களுக்கு அந்தப் பணம்தான் மகளின் படிப்பு, கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாம். ஏப்ரல் 18-ல் ஓசூர் ரோட்டில் அவர்கள் இறங்கினார்கள். மறுநாள் பெங்களூரே நின்றது. ஏப்ரல் 19 மாலைக்குள் டில்லி அந்த விதியைத் திரும்பப் பெற்றது. பெரிய கட்சி எதுவும் கூப்பிட்டு அவர்கள் வரவில்லை. தமிழ்ப் பெண், கன்னடப் பெண், தெலுங்குப் பெண் என்று யாரும் பிரித்துப் பார்க்கவும் இல்லை.

ஆனால் அந்த நாளின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. நம் ஹெப்பகோடி காவல் நிலையம் தாக்கப்பட்டது, வண்டிகள் எரிந்தன, தடியடி நடந்தது. தீயை வைத்தவன் யாரோ, வழக்கில் அலைந்தவன் யாரோ. அமைப்பு இல்லாத கோபத்துக்கு வலிமை உண்டு, கைப்பிடி கிடையாது. மானேசரும் அதைத்தான் சொல்கிறது. இரண்டு நாள் தெருவில் நின்ற அந்தப் பெண்கள் மூன்றாம் நாள் ஒவ்வோர் ஆலையிலும் ஒரு குழுவாக உட்கார்ந்திருந்தால், இன்று கழிப்பறை நோட்டு எந்த ஆலைக்குள்ளும் நுழைந்திருக்குமா?

‘கன்னடக்காரர்கள் நம்மோடு வருவார்களா?’ என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கழிப்பறை நோட்டில் அவர்கள் பெயரும்தான் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் அடைபட்டுக் கிடக்கும் பெண்களின் பெயரும் இருக்கிறது. தண்ணீர் கேன் தூரமானால் எல்லார் தொண்டையும்தான் காய்கிறது. புதிய தலைமை முதலில் செய்வது சலுகையை வெட்டுவது, அடுத்துச் செய்வது மொழியால் பிரிப்பது. இரண்டாவது நடப்பதற்குள் நாம் ஒன்று சேர வேண்டும்.

செய்ய வேண்டியது

ஒன்று: யாரும் கோபத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். ராஜினாமா என்றால் புதியவருக்கு நீங்கள் கொடுக்கும் பரிசு. பதினோரு ஆண்டு அனுபவமுள்ள ஆள் போனால் அந்த இடத்தில் குறைந்த சம்பளத்துக்குப் புது ஆள் வருவார். நீங்கள் அடுத்த ஆலையில் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும், அங்கேயும் ஒரு நாள் மேனேஜர் மாறுவார்.

இரண்டு: மாறிப்போன வழக்கங்களைப் பட்டியல் போடுங்கள். எந்த ஆண்டிலிருந்து நடந்தது, எப்போது நிறுத்தினார்கள் என்று தேதியோடு எழுதுங்கள். கன்னடத்திலும் எழுதுங்கள், எழுத ஆள் சங்கத்தில் இருக்கிறார்கள். தனியாக அல்ல, லைன் முழுக்கக் கையெழுத்துப் போட்டு, குறைதீர்ப்புக் குழுவுக்குக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நிறுத்தி ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

மூன்று: இது இன்று நல்ல அதிகாரி இருக்கும் இடத்தில் வேலை செய்பவர்களுக்கு. உங்களுக்குத்தான் அவசரம் அதிகம். அவர் இருக்கும்போதே குழுவைக் கூட்டுங்கள், அவர் கையெழுத்தோடு நோட்டீஸ் போர்டில் ஏற்றுங்கள். விடைபெறும் நாளில் அவருக்கு மாலை போடுவதைவிட அது அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை.

அந்தச் சகோதரிக்கு நான் ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுக்கவில்லை. வெள்ளைத் தாளில் பட்டியல் எழுதினோம். தண்ணீர் கேன், கழிப்பறை நோட்டு, மைக், பண்டிகைக்கு முதல்நாள் ஒரு மணி நேரம். “பாட்டையும் எழுதலாமாண்ணா?” என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். அடுத்த ஞாயிறு அவர் தன் லைனிலிருந்து ஆறு பேரைக் கூட்டி வந்தார். அதில் மூன்று பேர் கன்னடப் பெண்கள், ஒருவர் ஒடியா. பட்டியலில் இதுவரை பத்தொன்பது கையெழுத்து. லைனில் நாற்பத்திரண்டு பேர்.

மீதி இருபத்து மூன்று கையெழுத்து வரட்டும், அதன்பின் பட்டியல் குழுவுக்குப் போகும். என்ன பதில் வந்தது என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன், நல்ல பதிலானாலும் கெட்ட பதிலானாலும். உங்கள் ஆலையில் வாய்ச்சொல்லாக மட்டும் நிற்பது எது எது என்று இன்றிரவு சாப்பிட்டு முடித்ததும் ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள். எழுதிய தாளோடு ஞாயிற்றுக்கிழமை மாலை வாருங்கள். சந்தா நோட்டோடு நான் அதே வாசலில்தான் இருப்பேன்.